நாற்பத்தொரு ஊறுகாய் ஜாடிகள்

1994 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. தூறல், மேற்குக் காற்று. என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. அந்த வருடம் என் கைக்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. ஆகவே சரியான நேரம் 10.16 என்று கொள்ள வேண்டும். அந்த நேரத்தில்தான் அருளம்மா குடையை மடக்காமலே என் மேசைக்கு முன் வந்து நின்றார். வாராந்தர அறிக்கையில் மூன்று சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. கோலாரில் வேலை பார்க்கும் இளைய உணவு ஆய்வாளர் ஒருவர் போன மாதம் எனக்குக் கடிதம் எழுதினார். கெட்டுப்போன, கலப்படமான உணவுப் பொருள் விற்றுவிட்டால் அதை எப்படித் திரும்பப் பெறுவது என்று மாவட்ட அளவில் ஒரு நடைமுறை எழுதப் போகிறார்களாம். "உங்கள் அனுபவத்தில் ஏதாவது உண்டா, ஐயா?" என்று கேட்டு, கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலையும் வைத்திருந்தார். பதினோரு பேர். அதிகாரிகள் ஆறு, வியாபாரிகள் நான்கு, பகுப்பாய்வாளர் ஒருவர். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். வாங்கிச் சாப்பிடுகிறவர் என்று ஒருவர்கூட இல்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் கோலார் தங்கவயலில் சுகாதார ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் ஐந்து மாதம் வேலை பார்த்தவன். பெங்களூரில் ஒரு வருடப் பயிற்சி. அதில் கற்றவற்றில் பாதி சாக்கடைச் சரிவைப் பற்றியது. மீதி, மாதிரி எடுத்து முத்திரை வைப்பது பற்றியது. இரண்டையும் மறக்கவில்லை.

அருளம்மாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தார். கணவர் அந்தோணி சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில்லராக இருந்து ஓய்வு பெற்றவர். கல் தூசு நுரையீரலில் படிந்து மூச்சு வாங்குகிறவர்.

"சார், நீங்கதானே கடைங்கள செக் பண்றவரு? காலு வீங்கிப் போச்சின்னா யார்கிட்ட சொல்லணும்?"

"ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், அம்மா."

"சொல்லிட்டுத்தான் வரேன். வீட்டுக்காரருக்கு இன்னா வேலைன்னாங்க. டிரில்லருன்னேன். உனக்கு மூச்சு வாங்குதான்னாங்க, வாங்குதுன்னேன். தூசுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." சீட்டை என் முன் வைத்தார். "அவருக்குத் தூசு, சரி. நான் எந்த ஷாஃப்ட்ல எறங்குனேன், சார்? எந்த கேஜ்ல ஏறுனேன்?"

எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் தூசு. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. மருத்துவருக்கும் வராது, நோயாளிக்கும் வராது, எனக்கும் அன்றுவரை வந்ததில்லை. வேறு ஊரில் ஒரே தெருவில் ஆறு பேருக்கு மூச்சு வாங்கினால் ஓடி வந்து கேட்பார்கள். இங்கே ஆறு பேர்தானா என்பார்கள்.

அன்றே அவரோடு போனேன். அந்த லைனில் பத்து வீடு. பெண்களின் காலை நான் தொடவில்லை. அவரவர் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொள்ள, குழி மறையும்வரை நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

"இன்னா சார், ஓட்டப் பந்தயமா? யாருக்குக் கப்பு?" என்றாள் ஒருத்தி.

பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதினாறு வினாடிகள். ஒன்பது வீட்டில் வீக்கம். தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது என்றார்கள். ஏழாம் நம்பர் வீட்டில் மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஒரு வீடுதான் ரேஷன் பாமாயிலை மட்டும் உபயோகித்தது. மற்ற ஒன்பதும் பஜாரில் ஏகாம்பரம் மளிகைக் கடையில் சில்லறைக் கடலை எண்ணெய் வாங்கின.

அப்போது எங்கள் சுகாதார அதிகாரி டாக்டர் நாகராஜ ராவ். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார்: "எஷ்டு? யார் எண்ணினது? மறுபடி எண்ணினாயா?" எஷ்டு என்றால் கன்னடத்தில் எத்தனை. என்னைப் போன்றவனுக்கு அதைவிட நல்ல மேலதிகாரி கிடைக்க மாட்டார். இன்னொரு வழக்கம், எந்தக் காகிதத்திலும் எழுந்து நின்றுதான் கையெழுத்துப் போடுவார். உட்கார்ந்தால் படிக்காமல் போட்டுவிடுவேன் என்பார். மூட்டுவலி வந்த பிறகும் விடவில்லை. சம்பளப் பட்டியல் நாளில் அவர் எழுந்து உட்கார்ந்ததை ஒருமுறை எண்ணினேன். இருபத்தேழு.

ஒரு வீட்டிலிருந்து கொண்டுபோன எண்ணெயைச் சோதனைக் குழாயில் இரண்டு மில்லி விட்டு, அதே அளவு நைட்ரிக் அமிலம் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினோம். கீழே தங்கிய அமிலம் பழுத்த ஆரஞ்சு நிறமானது. பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருக்கிறது என்று அர்த்தம். தரிசில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கும் செடி அது. கடுகு போன்ற விதை. உள்ளே போனால் காலை வீங்க வைத்து, பிறகு இதயத்தைத் தொடும்.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார். கையெழுத்துப் போட அங்கே காகிதம் எதுவும் இல்லை.

மறுநாள் முறைப்படி மாதிரி எடுத்தேன். தையல்காரர் ஒருவரும் சைக்கிள் கடைக்காரர் ஒருவரும் சாட்சி. எண்ணெய்க்கு விலை கொடுத்து ரசீது வாங்கி, ஈரமில்லாத மூன்று பாட்டிலில் சமமாக ஊற்றி, மூடி, சீட்டு ஒட்டி, தடித்த காகிதத்தில் சுற்றி, அதிகாரியின் கையெழுத்துள்ள துண்டுச்சீட்டை அடியிலிருந்து தலைவரை ஒட்டி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பாட்டிலுக்கு நான்கு அரக்கு முத்திரை. தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. ஏகாம்பரத்தின் கையெழுத்து பாதி துண்டுச்சீட்டிலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும். ஒரு பாட்டிலில் முழுவதும் காகிதத்தில் விழுந்துவிட, அதை மட்டும் பிரித்து மறுபடி சுற்றினேன்.

கடையில் மீதி இருந்த ஐந்து டின்னுக்கும், திறந்திருந்த ஒரு டின்னுக்கும் முத்திரை வைத்தாயிற்று. சட்டம் அதோடு முடிந்தது. பகுப்பாய்வு அறிக்கை வர நாற்பது நாள். ஜூலை இரண்டாவது வாரம் வந்த சரக்கில் ஏற்கெனவே நூற்றொரு கிலோ விற்றிருந்தது. அதைத் திரும்ப வாங்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

"வாங்காதே என்றும் எங்கும் இல்லையே, கோவிந்தசாமி," என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை அவர் அறையில் கூட்டம். டாக்டர், நான், ஏகாம்பரம், வியாபாரிகள் சங்கத்தார் இருவர். அருளம்மா வாசலில் நின்றிருந்தார். டாக்டர் தலையைத் தூக்கி, "அம்மா ஏன் நிற்கிறார்? நாற்காலி கொடுப்பா," என்றார். அறையில் ஐந்து நாற்காலிதான். என்னுடையதைக் கொடுத்தேன். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் நின்றேன்.

டாக்டர் மூன்று மொழியில் அறிவிப்பு எழுதியிருந்தார். கலப்படம் என்று சந்தேகிக்கப்படும் எண்ணெயை அலுவலக நேரத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி. படித்துக் காட்டினார்.

"ஒருத்தரும் வரமாட்டாங்க, டாக்டரய்யா," என்றார் அருளம்மா.

"ஏன்?"

"எண்ணெய ஊத்திட்டு வெறும் பாட்டிலோட வூட்டுக்குப் போனா அப்பால எத வெச்சித் தாளிக்கறது? எடுத்துக்கினு வர்ற எண்ணெய்க்கு எண்ணெய் குடுங்க. அப்பறம், ஆபீஸ் டைம்ல தண்ணி வரும். தண்ணிய வுட்டுட்டு உங்க எண்ணெய்க்கு யாரு வருவா? சாயங்காலம் வைங்க."

சங்கத்தார் ஒருவர், "இந்தம்மா யாரு சார், சட்டம் பேசறது?" என்றார்.

"சாப்பிட்டவர்," என்றார் டாக்டர். அறிவிப்பில் இரண்டு வரி அடித்து, இரண்டு வரி எழுதி, எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் நல்ல எண்ணெய் தர ஒப்புக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. டின்னில் வந்ததை டின்னில் வந்தபடி விற்றவர்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலையும் கடை வாசலில் தராசோடு உட்கார்ந்தேன். கடன் நோட்டைப் பார்த்து, வாங்கியவர்களின் பட்டியலை நானே எழுதியிருந்தேன். ஐம்பத்தெட்டு வீடு. பத்தொன்பது கிலோ நானூறு கிராம் திரும்பியது. வராத நான்கு வீட்டுக்கு நானே போனேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சொன்னேன்: "ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு, சார். முடிந்தது."

"எஷ்டு? யார் எண்ணினது? மறுபடி எண்ணினாயா?"

"மறுபடியும் எண்ணினேன்."

அவர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை காலை அருளம்மா என் வீட்டுக்கே வந்தார். கையில் துணி சுற்றிய பீங்கான் ஜாடி. பங்காருபேட்டையிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தார். அங்கே அவருடைய மகள் ஸ்டெல்லா இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கால் வீங்கி, இரண்டு நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அவ வூட்ல ரேஷன் பாமாயிலுதான், சார். நானே டின்ன மோந்து பாத்தேன். அப்பறம் ராத்திரி சோறு போட்டுக்கினா. பாத்துக்கினே இருந்தேன். வாய்க்கு ருசி இல்லன்னு மூணு வேளையும் இதுதானாம்." ஜாடியை வைத்தார். "நான் போட்ட மாங்கா ஊறுகாய். ஜூலைல போட்டது. நானே கையில எடுத்துக்கினு போய்க் குடுத்தேன், சார். என் கையாலயே."

சொல்லிவிட்டு அழவில்லை. ஜாடியின் துணியை மறுபடி மறுபடி இழுத்துச் சரிசெய்தார்.

நல்லெண்ணெயில் ஊறுகாய் போடும் வசதி லைன் வீடுகளில் குறைவு. கடலை எண்ணெய்தான். மாங்காய் முடியும் மாதம் அது. எல்லா வீட்டிலும் போட்டிருந்தார்கள். எங்கள் அறிவிப்பு மூன்று மொழியிலும் எண்ணெய் என்றது. எண்ணெயைக் கேட்டோம், எண்ணெயைக் கொடுத்தார்கள். ஊறுகாயை யாராவது எண்ணெய் என்று நினைப்பார்களா? நானும் நினைக்கவில்லை.

"உங்க நோட்டுல வாங்குனவங்க பேருதான் கீது, சார். தின்னவங்க பேரு எதுல கீது?"

சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டருக்குச் சொல்லக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் டாக்டர் அலுவலகத்துக்கு வந்தார். ஸ்டெல்லாவைத் தங்கவயலுக்குக் கொண்டுவர வண்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஜாடியில் மிதந்த எண்ணெயைச் சோதனைக் குழாயில் விட்டோம். பிரச்சினை அங்கேதான். மிளகாய்த் தூளால் அந்த எண்ணெய் ஏற்கெனவே சிவப்பு. அமிலம் சேர்த்த பிறகும் சிவப்பு. ஆறு குழாயில் ஆறு முறை செய்து பார்த்தேன். எதையும் படிக்க முடியவில்லை.

"சோதனையில் தெரியவில்லை, சார். இதை வைத்து எதுவும் செய்ய முடியாது," என்றேன்.

டாக்டர் குழாய்களை ஒதுக்கி வைத்தார். பிறகு அருளம்மாவிடம் திரும்பினார். "ஊறுகாய்க்கு எந்த எண்ணெய் ஊற்றினீர்கள்?"

"அதே எண்ணெய்தான். வாங்குன அன்னிக்கே போட்டேன்."

"எஷ்டு?"

"முக்கா லிட்டரு."

"யார் அளந்தது?"

"நான்தான்."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"எம் பொண்ணு சார் அங்க படுத்துக்கினு கீறா. யோசிக்காமலா சொல்றேன்?"

"சோதனை பேசவில்லை. இவர் பேசுகிறார். எழுதிக்கொள், கோவிந்தசாமி," என்றார். அந்த எண்ணெய் பட்ட ஊறுகாய், வடகம், முறுக்கு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி இரண்டாவது அறிவிப்பு. இந்த முறை சுவரில் ஒட்டவில்லை. அருளம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் தண்ணீர்க் குழாயடியில் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான். போட்டதில் யார் யாருக்குக் கொடுத்தீர்கள்? நான் பின்னால் நின்று எழுதினேன். வாங்கிய வீடு ஐம்பத்தெட்டுதான். கைமாறியதில் இன்னும் இருபத்து மூன்று வீடு சேர்ந்தது.

திங்கட்கிழமை மாலை ஏகாம்பரம் கடை வாசலில் பெண்கள் ஜாடிகளோடு வரிசையாக நின்றார்கள். ஏகாம்பரம் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"எண்ணெய் வித்தேன், எண்ணெய் குடுத்துட்டேன். ஊறுகாய் நானா போட்டேன்? நாளைக்குத் தோசை மாவு எடுத்துக்கினு வருவீங்களா?"

"தோசையெல்லாம் போன வழிய நாங்க கேக்க மாட்டோம், மொதலாளி. பயப்படாதீங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒருவரும் ஜாடியைக் கீழே வைக்கவில்லை. வருடம் முழுக்கத் தொட்டுக்கொள்ள வேண்டியது அது. சும்மா கொட்ட யாருக்கும் மனம் வராது. பதிலுக்கு எண்ணெய் தரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் எல்லோரும் ஜாடியைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியும். கையில் அதிகாரம் எதுவும் இல்லை. தராசு மட்டும் இருந்தது.

அப்போது கடைக்குள்ளிருந்து அவர் மனைவி பத்மாவதியம்மா வந்தார். இடுப்பில் பெரிய ஜாடி.

"இத மொதல்ல ஊத்துங்க, சார்."

"ஏய், உள்ள போ," என்றார் ஏகாம்பரம்.

"உள்ள போனா இதத்தான் தொட்டுக்கணும். நம்ம வூட்லயும் அந்த டின்னுதானே எறக்குனீங்க?" புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினார். "என் காலப் பாத்தீங்களா நீங்க? எத்தினி நாளா மெட்டி ஏறல, தெரியுமா?"

அருளம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் காலில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். "எண்ணுங்க, சார்."

தெருவே பார்த்துக்கொண்டிருக்க நான் எண்ணினேன். பத்தொன்பது வினாடி. நான் பார்த்தவற்றில் அதுதான் அதிகம். ஏகாம்பரம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு கடைப் பையனைக் கூப்பிட்டு, ஜாடிக்கு முக்கால் லிட்டர் எண்ணெய், உப்பு, மிளகாய்த் தூள் போடச் சொன்னார். மாங்காய்க்கு எங்கே போவது என்று ஒரு கூச்சல். மறுநாள் பங்காருபேட்டைச் சந்தையிலிருந்து இரண்டு மூட்டை எலுமிச்சம்பழம் இறக்கினார். எலுமிச்சை புளிக்கிறது என்று அடுத்த மாங்காய் சீசன்வரை என்னைத் தெருவில் பார்த்தபோதெல்லாம் திட்டினார்கள்.

நாற்பத்தொரு ஜாடி. அலுவலகத்துக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டி, யாரும் தோண்டி எடுக்காதபடி பினாயிலும் சுண்ணாம்பும் போட்டு மூடினோம். மூடும்போது நல்ல மாங்காய் வாசனை வந்தது. கொண்டுவந்தவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

ஸ்டெல்லா இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தலைமாட்டில் மூன்று தலையணை என்பது இரண்டாகி, ஒன்றானது. அக்டோபரில் பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு கிராம். தராசு சரியில்லை என்று எனக்குத் தோன்றி, இன்னொரு முறை போடச் சொன்னேன். அதேதான்.

வீக்கம் கண்டவர்கள் கடைசியில் அறுபத்து மூன்று பேர். அதில் பதினாறு பேர் அந்தக் கடையில் எண்ணெயே வாங்காதவர்கள். ஒரே ஒருவரை எங்கே எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தேவராஜ், அறுபத்தாறு வயது, பழைய சுரங்கத் தொழிலாளி. காலில் வீக்கமும் இருந்தது, மார்பில் தூசும் இருந்தது. ஆகஸ்ட் 29 அன்று இறந்தார். சீட்டில் தூசு என்று எழுதினார்கள். என் நோட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு என்று நான் தூங்கிய அந்த வாரத்தில் அவர் வீட்டு ஜாடி திறந்துதான் இருந்தது.

அறிக்கை முப்பத்தேழாம் நாள் வந்தது. கலப்படம் உண்மை. டின்களை அனுப்பிய மொத்த வியாபாரிமீது வழக்கு நடந்தது. ஆனால் அதற்கு முன்பே எங்களுக்கு மெமோ வந்துவிட்டது. 'விற்பனைக்கு வைக்கப்படாத, தனியார் வீடுகளில் தயாரிக்கப்பட்ட உணவுப் பொருளை அதிகாரமின்றிக் கைப்பற்றியது ஏன்?' வியாபாரிகள் சங்கத்தார் மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். நான்தான் செய்தேன் என்று நான் பதில் எழுதினேன். நான்தான் செய்யச் சொன்னேன் என்று டாக்டர் எழுதினார். இருவரையும் நம்பினார்கள். இருவருக்கும் ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். "என்னுடையது பெரிய இன்கிரிமென்ட், கோவிந்தசாமி. நான் ஜெயித்துவிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்று ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். போன வருடம் மைசூரில் காலமானார். அவரிடம் ஒரு கணக்கைக் கேட்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. வாழ்நாளில் எத்தனை முறை எழுந்து நின்றிருப்பார்?

கோலார் தம்பிக்குப் பதில் எழுதிவிட்டேன். இரண்டே வரி. பட்டியலில் பன்னிரண்டாவதாகச் சாப்பிடுகிறவர் ஒருவரைச் சேருங்கள். நாற்காலி இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள். அருளம்மாவின் விலாசமும் எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் சுரங்கம் மூடியபிறகும் அதே லைனில்தான் இருக்கிறார்.

இளையவர்கள் இதைப் படித்துவிட்டு, மேலிடம் தண்டித்தால் என்ன ஆகும் என்று பயப்படக்கூடும். எனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். இன்கிரிமென்ட் நாற்பது, அதன்மேல் அகவிலைப்படி முப்பத்தொன்று, மாதம் எழுபத்தொன்று ரூபாய், பன்னிரண்டு மாதத்துக்கு எண்ணூற்று ஐம்பத்திரண்டு. கையிலிருந்து வாங்கிய நைட்ரிக் அமிலம் முப்பத்தெட்டு. மிளகாய் எண்ணெய் படிந்து, கழுவியும் போகாத ஆறு சோதனைக் குழாய், இருபத்து நான்கு. ஆக மொத்தம் தொள்ளாயிரத்துப் பதினான்கு ரூபாய்.